தூசி எடுத்துவிடும் கைராசிக்காரர்

பிப்ரவரி பதினேழு, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்று மணி. இடம்: இரும்புக் கதவுகளும் ஜன்னல் கம்பிகளும் செய்யும் ஒரு பட்டறை. பாதிக்கப்பட்டவர்: பற்றவைத்த இடங்களைக் கிரைண்டிங் மிஷினால் தேய்த்துச் சமன்செய்யும் இளைஞர். பாதிக்கப்பட்ட உறுப்பு: வலக்கண். பாதித்த பொருள்: கடுகில் கால்வாசிகூட இல்லாத ஓர் இரும்புத் துகள். சிகிச்சை அளித்தவர்: அதே பட்டறையின் பெயின்டர், அந்த இளைஞருடைய அக்காவின் கணவர், பட்டறையில் எல்லோராலும் 'டாக்டர்' என்று அழைக்கப்படுபவர். அவருக்கு அந்த அதிகாரத்தை வழங்கியவர்: எவருமில்லை.

கடைசிக் குறிப்பைக் கவனியுங்கள். நாம் ஆராயப்போகும் இனத்தின் முழு இலக்கணமும் அதில் அடங்கியிருக்கிறது. பிறர் கண்ணில் விழும் தூசியை எடுத்துவிடுவதற்கென்றே பிறவியெடுத்த இந்த மனிதர், பட்டறைகளில் மட்டும் வாழ்பவர் அல்லர். உங்கள் அலுவலகத்தில் உங்களுக்கு இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்திருப்பார். பேருந்து நிறுத்தத்தில் உங்களுக்குப் பின்னால் நின்றிருப்பார். பல்வலி என்றால் அவருக்கு அக்கறை இல்லை. காய்ச்சல் என்றால் மாத்திரை போட்டுக்கொள்ளச் சொல்வார். கண் என்றால் மட்டும் அவருக்குள் ஏதோ விழித்துக்கொள்ளும்.

யாராவது ஒருவர் 'ஆ' என்று கண்ணைப் பொத்தினால் போதும்; நம் டாக்டர் கையிலிருக்கும் பெயின்ட் துப்பாக்கியை அப்படியே கீழே வைத்துவிட்டு, சூழ்ந்து நிற்பவர்களை "காத்து வரட்டும், காத்து வரட்டும்" என்று இரு கைகளாலும் விலக்கி, நோயாளியின் முகவாயைப் பிடித்து வெளிச்சத்தின் பக்கம் திருப்பி, இமையை இரண்டு விரல்களால் பிதுக்கி, முதலில் ஒரு ஊது ஊதி, அதில் பயன் இல்லையென்றால் மறுபடி ஊதி, பிறகு பெருமூச்சு விட்டுக்கொண்டு பையிலிருந்து கைக்குட்டையை எடுப்பார். அந்தக் கைக்குட்டைக்கு அன்று காலையிலிருந்தே ஓய்வில்லை. கழுத்து வியர்வையைத் துடைத்தது அதுதான். தேநீர் குடித்த உதட்டையும், ஸ்கூட்டர் இருக்கையையும் அடுத்தடுத்துத் துடைத்ததும் அதுதான். அதன் ஒரு முனையைத் திரியாக முறுக்கி, நுனியை நாக்கில் வைத்து ஈரமாக்குவார். மென்மையாக இருக்க வேண்டுமல்லவா?

துகள் வந்துவிட்டால் அதைக் கட்டைவிரல் நகத்தில் ஏந்தி ஒவ்வொருவரிடமும் காட்டிவருவார். "பாருய்யா, எவ்ளோ பெருசு!" ஒருமுறை எவ்வளவு தேடியும் கண்ணில் எதுவும் கிடைக்கவில்லை, ஆனாலும் நகத்தில் ஒன்று இருந்தது. அது எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் நன்றிகெட்டத்தனம்.

இப்போது செவ்வாய்க்கிழமைக்கு வருவோம். கண்ணைப் பொத்திக்கொண்டு நின்ற இளைஞருக்கு ஒரே ஆசைதான்: அடுத்த மாதம் வெல்டிங் பகுதிக்கு மாற வேண்டும். பட்டறைக்காரரும் சரியென்று சொல்லியிருந்தார். ஆகவே கண்ணின் மதிப்பு அவருக்கு நன்றாகவே தெரியும். பாதுகாப்புக் கண்ணாடியின் மதிப்பு மட்டும் தெரியாது. அது ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"கசக்காத மாப்ள! கசக்காத! கைய எடு!" என்று டாக்டர் ஓடிவந்தார். அவர் அன்று சொன்னவற்றுள் மருத்துவ நூல்கள் ஒப்புக்கொள்ளும் வாக்கியம் இது ஒன்றே.

"மாமா, எதுக்கும் அடுத்த தெரு கண் ஆஸ்பத்திரிக்கு ஒரு எட்டு போய்ட்டு..."

"எதுக்கு? டோக்கன் போட்டு, இருபது பேருக்குப் பின்னாடி உக்காந்து, கடைசில அவங்களும் இதையேதான் செய்வாங்க. நான் வீட்டு ஆளு. உன் கண்ண எனக்குத் தெரியாதா?"

"டாக்டரோட கைராசி தெரியாமப் பேசுறான் பாருங்க," என்றார் வெல்டர்.

இளைஞர் ஒரு கணம் யோசித்தார். மறுத்தால் கண் பிழைக்கலாம். ஆனால் அக்காவின் கணவரைப் பட்டறை நடுவில் நம்பாமல் போனவர் என்ற பேச்சு எத்தனை விசேஷங்களுக்குத் தொடரும்? கண்ணைத் திறந்து கொடுத்தார்.

கைக்குட்டைக்குத் துகள் மசியவில்லை. டாக்டர் அசரவில்லை, யாரோ தந்துவிட்டுப்போன விசிட்டிங் கார்டின் முனையால் அதை நெம்பி எடுத்தார். கைதட்டல் எழுந்தது.

கைதட்டல் எழுந்த அதே நேரத்தில் கண்ணுக்குள் என்ன நடந்தது என்பதையும் பதிவுசெய்வது முறை. கருவிழியின் மேல்தோல் முழுதாக இருக்கும்வரை பெரும்பாலான பாக்டீரியாக்கள் வாசலோடு சரி. இமை அவற்றைத் துடைத்துத் தள்ளும், கண்ணீர் கழுவிக் கொல்லும். அட்டையின் முனை அந்தத் தோலில் ஒரு கீறலைப் போட்டது. கைக்குட்டை கொண்டுவந்து சேர்த்திருந்த கூட்டம் அந்த வழியே உள்ளே போனது. ஒன்று இரண்டாயிற்று, இரண்டு நான்காயிற்று. அவை சுரக்கும் நொதிகள் கருவிழியை அடுக்கடுக்காகக் கரைக்கத் தொடங்கின. கருவிழியில் ரத்தக் குழாய்கள் கிடையாது. உடலின் காவற்படை ஓரங்களிலிருந்து சுற்றி வந்துதான் சேரவேண்டும். வந்து சேர்ந்ததும் எதிரியை அடிக்கிற வேகத்தில் வீட்டுச் சுவரையும் சேர்த்து இடிக்கும். கிருமிகளுக்குப் பேச வாய் இருந்திருந்தால், அவையும் டாக்டரின் கைராசியைத்தான் பாராட்டியிருக்கும்.

மாலையில் கண் சிவந்தது. "அழுக்கு வெளிய வருது, நல்லதுதான்," என்றார் டாக்டர். இரவில் தன் அம்மாவின் கண்புரை அறுவை சிகிச்சையில் மிஞ்சிய சொட்டு மருந்தை அலமாரியிலிருந்து தேடி எடுத்து, இரண்டு சொட்டுக்குப் பதில் நான்காக விட்டார். "குளுகுளுன்னு இருக்கா?" குளுகுளுவென்றுதான் இருந்தது. மறுநாள் சிவப்புகூடக் குறைந்தது. டாக்டர் அதைத் தெருமுனைவரை சொல்லிவிட்டு வந்தார். வியாழக்கிழமை இளைஞரால் வெளிச்சத்தைப் பார்க்க முடியவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் அக்கா அவர் முகத்தைப் பிடித்துத் திருப்பினாள்.

"டேய், என்னடா இது? கருவிழி மேல வெள்ளையா, அரிசி ஒட்டின மாதிரி?"

"அது தழும்பு ஆறுது," என்றார் கணவர்.

"நீங்க கொஞ்சம் வாய மூடிக்கிட்டுச் செருப்ப மாட்டுங்க."

கண் மருத்துவமனையில் மருத்துவர், விழியை விளக்கொளியில் பார்த்தவாறே கேட்டார்: "தூசிய யாரு எடுத்தது?"

"நானே எடுத்தேன்," என்றார் இளைஞர்.

"வேற மருந்து ஏதாவது விட்டீங்களா?"

இளைஞர் மாமாவைப் பார்த்தார். மாமா கூரையைப் பார்த்தார். "இல்ல டாக்டர்."

டாக்டர் என்ற சொல்லுக்கு அந்த அறையில் இருவர் நிமிர்ந்தார்கள் என்பதை அக்கா மன்னிக்கவில்லை. பையிலிருந்து சொட்டு மருந்துப் புட்டியை எடுத்து மேசைமேல் வைத்தாள். "எடுத்தது இவரு. விட்டது இது. இவன் ஒண்ணும் பண்ணல, கண்ண மட்டும் குடுத்தான்."

மருத்துவர் புட்டியைத் திருப்பிப் படித்தார். "இது வீக்கத்தையும் சிவப்பையும் அடக்குறதும்மா. கிருமிய அடக்காது. எதிர்த்துச் சண்டை போட வந்தவங்களப் பூரா தூங்க வெச்சிருக்கு. அதான் பாக்க நல்லா இருந்திருக்கு."

புண்ணைச் சுரண்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார்கள், பாக்டீரியாதான். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும், சொட்டு மருந்து. அக்கா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு விழித்திருந்தாள். டாக்டரோ நடைபாதையில் காத்திருந்த மற்ற நோயாளிகளுக்குக் கண் பராமரிப்பைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தார். கிருமி ஒழிந்தது. புண் ஆறியது. ஆறிய இடம், கருவிழியின் நட்டநடுவில், தேய்த்த கண்ணாடியைப் போல வெளுத்து நின்றது. வெல்டிங் கம்பிக்கும் இரும்புக்கும் நடுவிலுள்ள இடைவெளியை இளைஞரால் கணிக்க முடியவில்லை. வெல்டிங் இனி வேண்டாமென்று பட்டறைக்காரர் வருத்தத்தோடுதான் சொன்னார். அவரைக் கணக்குப் பார்க்க உட்கார வைத்தார்.

ஏப்ரலில் டாக்டரின் இடக்கண்ணில் ஒரு துகள் விழுந்தது. அவரிடம் தொழில் பழகியவர்கள் எத்தனை பேர்! எல்லோரும் ஆளுக்கொரு கைக்குட்டையை முறுக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். வெல்டர் நாக்கை நீட்டி முனையை நனைத்தும் விட்டார்.

"எவனும் பக்கத்துல வரக்கூடாது!" என்று டாக்டர் அலறினார். "கண்ணுய்யா இது! விளையாட்டா?" ஒற்றைக் கண்ணோடு தெருவுக்கு ஓடி, போன ஆட்டோவை மறித்து ஏறினார். மருத்துவமனையில் மரத்துப்போகச் செய்யும் சொட்டு விட்டு, சுத்தமான ஊசி முனையால், இமைக்கும் நேரத்தில் எடுத்துவிட்டார்கள். மறுவாரமே பட்டறையில் ஒரு பையன் கண்ணைப் பொத்தினான். டாக்டர் காற்று வர வழிவிடச் சொன்னார்.

இவ்வளவும் படித்துச் சிரித்தீர்களா? நல்லது. உங்கள் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் பாதி மிஞ்சிய ஒரு கண்மருந்து நிற்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு வாருங்கள். போன முறை உங்கள் பிள்ளை கண்ணைக் கசக்கியபோது நீங்கள் முதலில் தேடியது எதை? வீட்டு ஆள்தானே நீங்களும்?

ஜூன் மாதப் பார்வைச் சோதனையின் முடிவு (6/6 என்றால் முழுப் பார்வை). டாக்டர், இடக்கண்: 6/6. இளைஞர், வலக்கண்: 6/60.