தொண்ணூற்று மூன்று சதவீத மோகனம்

கோபமாக இருக்கும்போது பாடக்கூடாது. ஒவ்வொரு வருடமும் முதல் வகுப்பிலேயே மாணவர்களுக்கு இதைச் சொல்லிவிடுகிறேன். ஏன் டீச்சர் என்று யாராவது கேட்டால், குரல் கெட்டுவிடும் என்று பொய் சொல்வேன். குரலுக்கு ஒன்றும் ஆகாது, மானம்தான் போகும்.

எட்டு வருடங்களுக்கு முன்பு திருவனந்தபுரத்தில் ஒரு பல்கலைக்கழகத்தின் இசைத் துறையில் இணைப் பேராசிரியராக இருந்தேன். பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பித்தபோது என்னிடம் ஆய்வுக் கட்டுரைகள் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. கச்சேரித் தொடக்கத்தில் பாடுவார்களே, அந்த வர்ணங்கள், நானே இயற்றியவை பன்னிரண்டு இருந்தன. ஆறு வருட உழைப்பு அது. ஸ்வரக் குறிப்புகளோடு அவற்றைப் புத்தகமாக அச்சிட்டு, அட்டையில் வீணைப் படம் போட்டு, பெருமையாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். (எனக்கு வீணை வாசிக்கத் தெரியாது. அச்சகத்தில் அந்தப் படம்தான் இருந்தது.)

எந்த எழுத்தைக் கொடுத்தாலும் அது பிறரிடமிருந்து திருடியதா என்று கணினியில் சோதிக்க வேண்டும் என்பது விதி. பத்து சதவீதத்துக்கு மேல் ஒத்துப்போனால் பதவி உயர்வு கிடையாது. அதோடு விடமாட்டார்கள், திருட்டு என்று சர்வீஸ் புத்தகத்திலும் ஏற்றிவிடுவார்கள். எனக்கென்ன பயம், நான் ஒரு ஸ்வரத்தைக்கூட யாரிடமும் இரவல் வாங்கியதில்லையே என்று இருந்துவிட்டேன்.

தொண்ணூற்று மூன்று சதவீதம் திருட்டு என்று வந்தது.

நான் நூலகத்துக்குப் போன வேகத்தில் வாசலில் இருந்த பூந்தொட்டி ஒன்று கவிழ்ந்தது. சோதனை செய்யும் அனில் சாதுவான மனிதர். கணினித் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். என் புத்தகம் முழுக்கச் சிவப்பு. ஸ ரி க ப என்று நான் எழுதிய இடமெல்லாம், உலகத்தில் வேறு யாரோ ஸ ரி க ப என்று எழுதியிருக்கிறார்களாம். எழுதாமல் இருப்பார்களா? இருப்பதே ஏழு ஸ்வரம். மோகன ராகத்தில் அதிலும் இரண்டு கிடையாது, ஐந்துதான். அந்த ஐந்தை வைத்துக்கொண்டு நூற்றாண்டுக் கணக்காக எல்லாரும் குடும்பம் நடத்துகிறோம். அந்த இயந்திரத்தின் கணக்குப்படி பார்த்தால் முதன்முதலில் ஸ ரி என்று பாடியவரைத் தவிர நாங்கள் அத்தனை பேரும் கைதாக வேண்டியவர்கள்.

புத்தகத்தில் ஒரே ஒரு பக்கம்தான் சுத்தமாக இருந்தது. நன்றியுரை. அதைத்தான் என் தோழியின் ஆய்வேட்டிலிருந்து, கணவர் பெயரை மட்டும் மாற்றி, அப்படியே எடுத்துப் போட்டிருந்தேன்.

அனில் எனக்கு உதவத்தான் நினைத்தார், பாவம். அவர் தமிழில் பாதி மலையாளம், வாக்கு என்றால் சொல், மதி என்றால் போதும்.

"டீச்சர், வாக்கெல்லாம் கொஞ்சம் மாத்தி எழுதினா மதி. அதே அர்த்தம் வர்ற வேற வாக்கு போட்டா மெஷினுக்குத் தெரியாது."

'க' என்கிற காந்தார ஸ்வரத்துக்கு மறுசொல் என்ன என்று அவரைக் கேட்டேன். அவர் உண்மையாகவே யோசித்தார். அப்போதுதான் எனக்குத் தலைக்கேறியது. அங்கேயே நின்று மூன்று பக்கத்துக்கு ஒரு புகார் எழுதினேன். என்னைப் பதவி உயர்வுக் குழு முன்னால் கூப்பிட வேண்டும், நான் பாடிக் காட்டுவேன், காது உள்ளவர்கள் கேட்டுத் தீர்ப்புச் சொல்லட்டும் என்று அதில் இருந்தது. 'காது உள்ளவர்கள்' என்பதற்கு அடிக்கோடும் போட்டேன்.

கூப்பிட்டார்கள். அன்று காலை என் கணவர் ஸ்கூட்டரில் கொண்டுவிட வந்தார். அவருக்கு ஆரியசாலையில் மிளகாய், மல்லி மொத்த வியாபாரம். வற்றலை முகர்ந்தே ஊர் சொல்லுவார், ராகம் மட்டும் எல்லாம் ஒன்றுதான் அவருக்கு. பழவங்காடியில் வண்டியை நிறுத்திப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டு வந்து என் முகத்தைப் பார்த்தார்.

"சண்டைக்குப் போகாண்டாம், கேட்டியா. பாடிட்டு வந்தா மதி."

வழியெல்லாம் மனதுக்குள் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

குழுவில் மூன்று பேர் இருந்தார்கள். தலைவர் ஒரு வேதியியல் பேராசிரியர். அடுத்து அலுவலகத்து அதிகாரி ஒருவர். மூன்றாமவர் இசை நிபுணராகப் பாலக்காட்டிலிருந்து வந்திருந்த கோமதி அம்மாள், எழுபது வயது வயலின் கலைஞர். எனக்குப் பின்னால் அதிகாரியின் உதவியாளர் ஒருவர் ரெக்கார்டுக்காக மொபைலில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்.

முதலில் கால் மணி நேரம் திட்டினேன். இயந்திரத்தை, விதியை, வாங்கியவரை, விற்றவரை. பிறகு சுருதி போட்டு மோகன வர்ணத்தைத் தொடங்கினேன். பல்லவி நன்றாக வந்தது. கோமதி அம்மாள் தொடையில் தாளம் போட ஆரம்பித்தார். சரணத்துக்கு வந்தேன். அப்போது அந்த வேதியியல், அதிகாரியின் காதில் ஏதோ சொல்லிவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தது. ஆறு வருட உழைப்பு ஐயா, அதைக் கேட்க ஆறு நிமிடம் உனக்கு இல்லையா? எனக்கு உச்சந்தலை சூடாகிவிட்டது. அதே சூட்டில் கடைசி ஸ்வரங்களை இரண்டாம் காலத்தில், அதாவது இரட்டை வேகத்தில், எடுத்து விளாசினேன்.

இன்னொரு சந்தோஷமும் சேர்ந்துகொண்டது. கோமதி அம்மாள் என்னோடு மெதுவாகக் கூடவே பாடத் தொடங்கிவிட்டார். ஒரு ஸ்வரம் பிசகவில்லை. முடித்த கையோடு எழுந்து நின்று, பார்த்தீர்களா, காது உள்ளவர்களுக்கு ஒரே தடவையில் மனதில் பதிந்துவிட்டது, இதுதான் ஐயா உண்மையான படைப்பு என்று மேசையைத் தட்டிச் சொன்னேன்.

கோமதி அம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நன்னாத்தான் பாடினேள். ஆனா கடைசில பாடினது, நான் எட்டு வயசுல பாடம் பண்ணினதாக்கும்."

ஒரு நொடி எனக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. முதல் வருட மாணவர்களுக்கு மோகனத்தில் ஒரு பழைய வர்ணம் உண்டு. இருபது வருடமாகத் தினமும் காலை பத்து மணிக்கு அதைச் சொல்லிக்கொடுக்கிறேன். கோபத்தில் புத்தி எங்கேயோ போக, நாக்கு தானாக வகுப்புக்குப் போய்விட்டது. என்னுடையதைப் பாதியில் விட்டு, அதைப் பாடி முடித்திருக்கிறேன். திருடவில்லை என்று நிரூபிக்க வந்த இடத்தில், மூன்று சாட்சிகளை உட்காரவைத்து, ஒளிப்பதிவோடு திருடியிருக்கிறேன்.

அப்படியென்றால் இயந்திரம் சொன்னது சரிதானே என்று தலைவர் மலையாளத்தில் நிதானமாகக் கேட்டார். புத்தகத்தைப் பாருங்கள், புத்தகத்தில் வேறு இருக்கிறது என்று கத்தினேன். அவர் வாங்கிப் பார்த்தார். அவருக்கு எல்லாப் பக்கமும் ஒன்றுபோலத்தான் தெரிந்தது. கோமதி அம்மாள்தான் அதை வாங்கி, விரல்விட்டுத் தாளம் போட்டபடி பன்னிரண்டு வர்ணத்தையும் மனதுக்குள் பாடி முடித்தார். ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. அத்தனை நேரமும் நான் நின்றுகொண்டே இருந்தேன். என் பிழைப்பும் பெயரும் அந்த விரல்களில் இருந்தன. உட்காரத் தோன்றவில்லை.

பதவி கிடைத்தது. குழு அறிக்கையில், இசை நூல் விண்ணப்பதாரரின் சொந்தப் படைப்பே, ஆனால் அவர் நேரில் பாடிக்காட்டியது அவ்வாறல்ல என்று எழுதிவைத்தார்கள். அதையும் பொறுத்துக்கொண்டேன்.

போன வருடம் கல்லூரிகளுக்கிடையே நடந்த ஒரு போட்டிக்கு நடுவராகப் போயிருந்தேன். போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த ஒரு பெண் என் மோகன வர்ணத்தைப் பாடினாள். மேடையில் வேறொருவர் என் படைப்பைப் பாடி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. கண் கலங்கிவிட்டது. கடைசியில் அவள் கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பழைய வர்ணத்துக்குள் வழுக்கி விழுந்தாள்.

முடிந்ததும் தனியாகக் கூப்பிட்டு, முடிவு அப்படி இல்லையம்மா என்று பாடிக் காட்டினேன். அவள் மரியாதையாகத் தன் மொபைலை நீட்டினாள். மூன்று பேர் உட்கார்ந்திருக்கும் ஒரு மேசை, அதன் முன்னால் ஆவேசமாகப் பாடும் ஒரு பெண்ணின் முதுகு. கோமதி அம்மாள் கூடப் பாடுவதோடு வீடியோ முடிந்துவிடுகிறது. மோகன வர்ணம், பாடுவது கம்போஸர் என்று மட்டும் கீழே போட்டிருந்தது, பெயர் இல்லை. யார் வெளியே விட்டார்களோ தெரியாது. ஊரில் எல்லாரும் அதைப் பார்த்துத்தான் பாடம் பண்ணுகிறார்களாம்.

"டீச்சர், கம்போஸரே இப்படித்தான் பாடியிருக்காங்க, அல்லே?" என்றாள்.

அந்த முதுகு என்னுடையதுதான் என்று எப்படிச் சொல்வது? ஆமாம் அம்மா, நன்றாகப் பாடியிருக்கிறார் என்று சொல்லி அனுப்பினேன்.

அன்றைக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் இதை வீட்டில் சொல்லிவிட்டேன். இப்போது, நான் அப்படிச் சொல்லவில்லை, நான் அப்படிச் செய்யவில்லை என்று எதற்காவது வாதாட ஆரம்பித்தால் போதும், என் கணவர் கடைக் கணக்கிலிருந்து தலையைத் தூக்காமலே, "கம்போஸரே இப்படித்தான் பாடியிருக்காங்க, அல்லே?" என்பார். மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள். சொந்தக்காரர்கள் வரைக்கும் இது பரவிவிட்டது. நான் எல்லாரிடமும் ஒன்றைத்தான் சொல்கிறேன். புத்தகத்தில் சரியாக இருக்கிறது, முப்பத்தோராம் பக்கம், கீழிருந்து மூன்றாவது வரி. இதுவரை ஒருவர்கூடத் திறந்து பார்க்கவில்லை.