எதுவும் இடாத வயல்

கருக வேண்டிய வயல் பச்சையாக நின்றது. பச்சையாக நிற்க வேண்டிய வயல் கருகிக்கொண்டிருந்தது.

உதவி வேளாண் அலுவலர் இசைவாணி நடுவரப்பில் நின்று இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

இடப்பக்க வயல் ஜாஃபர் சாதிக்குடையது. நீடாமங்கலத்தில் பேக்கரி வைத்திருப்பவர். அவர் வயலின் முகப்பில் 'சூடோமோனாஸ் இட்ட வயல்' என்று பலகை. வலப்பக்கம் சாமிதுரையின் வயல். அங்கே 'எதுவும் இடாத வயல்' என்று பலகை. இரண்டிலும் ஒரே சம்பா ரகம், ஒரே வாரத்தில் நட்டது. சூடோமோனாஸ் மண்ணில் வாழும் நல்ல பாக்டீரியா. நெல்லுக்கு இலைக்கருகல் நோயைக் கொண்டுவரும் கெட்ட பாக்டீரியாவை அது தலையெடுக்க விடாது. இதை ஊர் கண்ணால் பார்க்கட்டும் என்றுதான் ரோட்டோரமாக இந்த இரண்டு வயல்களையும் தேர்ந்தெடுத்திருந்தாள்.

ஊரும் கண்ணால் பார்த்துக்கொண்டுதான் இருந்தது.

"மேடம், அந்தப் பொடியப் போட்டா இப்படித்தான் காயுமா?" என்று பைக்கை நிறுத்தி ஒருவர் கேட்டார். உண்மையான சந்தேகம்தான். கேலி இல்லை. அதுதான் அதிகம் வலித்தது.

பக்கத்தில் நின்ற சாதிக் இலையின் ஓரத்தைத் தடவிப் பார்த்தார். நுனியிலிருந்து இரண்டு ஓரமும் வைக்கோல் நிறத்தில் அலை அலையாகக் காய்ந்திருந்தது.

"பொடிய சாணத்தோட கலந்து போட்டீங்களா பாய்?"

"போட்டாச்சு மேடம்."

"சாயங்காலம்தான தெளிச்சீங்க? வெயில்ல தெளிச்சா செத்துடும்."

"சாயங்காலம்தான் தெளிச்சது."

"நிழல்லதான வெச்சிருந்தீங்க?"

"நல்ல நிழல் மேடம். வேப்பமரத்தடி."

தவறு எங்கே என்று இசைவாணிக்குப் பிடிபடவில்லை. பொடி பழையதாக இருக்கலாம் என்று நினைத்தாள். திருவாரூர் போய்ப் புதுப் பொட்டலங்களாக வாங்கி வந்து சாதிக்கின் கையில் கொடுத்தாள். அவர் அதைப் பிறந்த குழந்தையை வாங்குவதுபோல் இரண்டு கையையும் நீட்டி, உடம்பில் படாமல் வாங்கிக்கொண்டார்.

அடுத்த முறை போனபோது சாதிக்கின் வயல் இன்னும் கொஞ்சம் கருகியிருந்தது. சாமிதுரையின் வயல் முன்னைவிடப் பளபளத்தது.

"நீங்க ஏதாச்சும் போட்டீங்களா அண்ணே?" என்று சாமிதுரையைக் கேட்டாள்.

சாமிதுரை மண்வெட்டியை வரப்பில் ஊன்றினார். பலகையை ஒரு தடவை வாசித்தார்.

"எதுவும் இடாத வயல்னு நீங்கதானம்மா எழுதியிருக்கீங்க" என்றார்.

இசைவாணி சாதிக்கின் வயலுக்கே திரும்பினாள்.

அளவு போதவில்லையோ என்று யோசித்து, அடுத்த தடவை சாதிக்கிடம் இரண்டு மடங்கு கொடுத்தாள். சாதிக்கின் முகம் வெளுத்தது.

"இவ்வளவா?"

"நெறைய இருந்தா நல்லதுதான் பாய். இது உரம் மாதிரி இல்ல, பயிரச் சுடாது."

"சரி மேடம். ஆட்டோ வரச்சொல்றேன்."

விளைவு இரண்டு மடங்காகத் தெரிந்தது. பலகைதான் தவறான பக்கம். சாமிதுரையின் வயலில் கதிர் எழும்பத் தயாரானது. சாதிக்கின் வயலைப் பார்த்துவிட்டுப் பேருந்தில் போகிறவர்கள் அனுதாபத்துடன் திரும்பினார்கள். உர மூட்டை ஏற்றிப்போகும் லாரிக்காரர் தங்கையன், அந்த வழியாகப் போகும்போதெல்லாம் லாரியை நிறுத்தி, "எதுவும் போடாததே நல்லாருக்கேம்மா. நாங்களும் இந்த வருசம் எதுவும் போடாம இருந்து பாக்கட்டுமா?" என்று கேட்டார்.

இசைவாணி கருகிய இலை ஒன்றை நறுக்கி, கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போட்டுப் பார்த்தாள். வெட்டிய முனையிலிருந்து பால்போல் கலங்கல் இறங்கியது. சந்தேகமே இல்லை, இலைக்கருகல்தான். சாமிதுரையின் வயல் இலையையும் நறுக்கிப் போட்டாள். தண்ணீர் தெளிவாக இருந்தது. படித்தது, பயிற்சியில் கேட்டது, தான் மேடையேறிப் பேசியது எல்லாமே தப்போ என்று முதல்முறையாகத் தோன்றியது.

அப்போதுதான் அவளுடைய அதிகாரி பரணிதரன் போன் செய்தார்.

"நாளைக்கு மேலிடத்துலேருந்து வயல் பாக்க வர்றாங்க. எப்படி இருக்கு?"

இசைவாணி சொன்னாள்.

"ஒரு வயல் நல்லாருக்கா?"

"இருக்கு சார்."

"ஒரு வயல் கருகியிருக்கா?"

"இருக்கு சார்."

"அப்ப எல்லாம் சரியாத்தான இருக்கு. பலகைய மாத்தி நட்டுடுங்க."

"சார், அது பொய் சார்."

"இந்த லட்சணத்துல பாத்தாங்கன்னா திட்டத்தையே நிறுத்திடுவாங்க. அப்புறம் உங்க விவசாயிங்க பூரா பழையபடி மருந்துக்கடைக்குத்தான் போவாங்க. யோசிச்சுக்குங்க" என்று வைத்துவிட்டார்.

இசைவாணி யோசித்தாள். பிறகு சாமிதுரையின் வீட்டுக்குப் போய், தலையைக் குனிந்துகொண்டு, "அண்ணே, நாளைக்கு அதிகாரிங்க வந்தா, நீங்கதான் பொடி போட்டதா சொல்லணும்" என்றாள்.

சாமிதுரை அவளை உற்றுப் பார்த்தார். "சொல்லிடலாமா?"

"சொல்லிடுங்க. பழி வந்தா என்மேல."

"அதுக்கென்னம்மா. தாராளமா சொல்லிடுறேன்."

அடுத்து பேக்கரி. சாதிக் கல்லாவில் இருந்தார்.

"பாய், நாளைக்கு நீங்க வயலுக்கு ஒண்ணுமே போடலைன்னு சொல்லணும்."

சாதிக் அதிர்ந்துபோய்ப் பார்த்தார். கையிலிருந்த பன்னைத் தட்டில் வைத்தார். "உங்களுக்கு யாரு சொன்னா?"

"பரணிதரன் சார்."

"அவருக்கும் தெரியுமா?"

"அவருதான் யோசனையே சொன்னாரு."

சாதிக் நிம்மதியாக மூச்சுவிட்டார். "சொல்லிடுறேன் மேடம். அது ஒண்ணும் கஷ்டமில்ல. ஒரு டீ சாப்பிடுங்க." டீயோடு கேட்காமலே தேங்காய் பன்னும் வந்தது. ஒரு நல்ல மனிதரைப் பொய் சொல்ல வைக்கிறோமே என்ற வருத்தத்தில் இசைவாணி பன்னைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள்.

விடிந்ததும் போய்ப் பலகைகளைப் பிடுங்கி மாற்றி நட்டாள். பிடுங்கிய தடம் தெரியாமல் மண்ணள்ளி மூடினாள்.

அதிகாரிகள் வந்தார்கள். பெரிய அதிகாரி சாமிதுரையின் வரப்பில் இறங்கி, "எப்படிப் போட்டீங்க, சொல்லுங்க பாப்போம்" என்றார்.

இசைவாணி கண்ணை மூடிக்கொண்டாள்.

"மக்கின எருவோட பொடியக் கலந்து, ஈரச்சாக்கு போட்டு நிழல்ல மூடி வெச்சேங்க" என்று சாமிதுரை ஆரம்பித்தார். "நடவுக்கு முன்னாடி நாத்து வேர பொடி கரைச்ச தண்ணியில நனைச்சேன். அப்புறம் வெயில் தாழ்ந்ததும் தெளிப்பேன். அந்தச் சமயத்துல ரசாயன மருந்து எதையும் கிட்ட சேக்கல. உசிரு உள்ள பொருளாச்சே."

இசைவாணி கண்ணைத் திறந்தாள். தான் பயிற்சி கொடுக்காத ஒரு மனிதர், தனக்காக ஒரே இரவில் இவ்வளவு கற்றுக்கொண்டு பொய் சொல்கிறாரே என்று அவரையே பார்த்தாள்.

"நீங்க?" என்று அதிகாரி சாதிக்கைப் பார்த்தார்.

"நான் ஒண்ணுமே போடல சார்."

"ஒரு பொட்டலம்கூடவா?"

"பிரிச்சுக்கூடப் பாக்கல சார்" என்றார் சாதிக். குரலில் அப்படியொரு உண்மை.

அதிகாரிக்கு மிகுந்த திருப்தி. எல்லோரும் வரிசையாக நிற்கப் படம் எடுத்தார்கள். இந்த ஏற்பாட்டை மாவட்டம் முழுக்கக் கொண்டுபோக வேண்டும் என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். பரணிதரன் போகும்போது இசைவாணியைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். அவளுக்கு அந்த மண்ணிலேயே புதைந்துவிடலாம்போல் இருந்தது.

சாதிக்கின் மனைவி நஜ்மா, அதிகாரிகளுக்குக் கொண்டுவந்ததில் மிச்சமிருந்த சமோசாத் தட்டுடன் அவளருகே வந்தாள். இசைவாணிக்குக் கண் கலங்கிவிட்டது.

"என்னால உங்க வீட்டுக்காரரு பொய் சொல்லும்படி ஆயிடுச்சு. மன்னிச்சுக்குங்க" என்றாள்.

நஜ்மாவுக்குப் புரியவில்லை. தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்:

"அவரு இன்னைக்குத்தான மேடம் உண்மையைச் சொன்னாரு. திங்கிற பண்டம் செய்யற எடத்துல உசுருள்ள கிருமிய எப்படி வெச்சுக்கறதுன்னு, முதல் பொட்டலத்துலேருந்து எல்லாத்தையும் சாமிதுரை அண்ணன் வீட்டுக்குத்தான் அனுப்பிட்டிருந்தாரு. பலகை ரெண்டும் இன்னைக்குக் காலையிலதான் சரியான வயல்ல நிக்குது."