மாப்பிள்ளை கையில் ஹார்ட் டிஸ்க்

பஜ்ஜித் தட்டை நீட்ட வேண்டிய நேரத்தில் நல்லுசாமி ஸ்க்ரூ டிரைவரை நீட்டினார்.

“மாப்பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் கம்பெனியில வேலைன்னு தரகர் சொன்னாரு. வீட்டுல பழைய ஹார்ட் டிஸ்க் போயிருச்சு. புதுசு வாங்கிக் கெடக்கு. மாட்டிக் குடுத்துட்டீங்கன்னா, பொண்ணையும் பாத்துட்டு வெரசாக் கெளம்பிரலாம்.”

கதிர்வேல் அந்தக் கம்பெனியின் வாசலில் உட்கார்ந்து, வருகிறவர்களின் பெயரைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறவன். அதன் வயிற்றுக்குள் என்ன இருக்கும் என்று அவனுக்குத் தெரியாது. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தான். அம்மா ஜோதிமணி முந்திக்கொண்டாள்.

“எங்க பையன் கம்ப்யூட்டரப் பிரிச்சு மேஞ்சிருவானுங்க.”

ஒட்டன்சத்திரத்திலிருந்து மலையேறிப் பூண்டி வந்து சேர்வதற்குள் அவள் மூன்று தடவை வாந்தி எடுத்திருந்தாள். அவர்கள் பார்க்க வந்த ஏழாவது பெண் இது. வெறுங்கையோடு மலை இறங்குவதாக அவளுக்கு உத்தேசம் இல்லை.

நல்லுசாமியின் மனைவி டிஸ்க்குக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்துக் கும்பிட்டுக் கொடுத்தாள். கதிர்வேல் பெட்டியைத் திறந்து, காலியாக இருந்த இடத்தில் அதைச் செருகி வயரை மாட்டினான். டிஸ்க் எதுவும் இல்லை என்றது கம்ப்யூட்டர்.

“கண்ணு முன்னாடி இருக்கே!” என்றார் நல்லுசாமி.

“சந்தனம் அடைச்சிருக்குங்க, மாமா.”

ஈரத் துண்டால் அழுந்தத் துடைத்து மாட்டினான். இப்போது கம்ப்யூட்டர் இல்லை என்றுகூடச் சொல்லவில்லை.

அந்த நேரத்தில் மகாதேவி காப்பியோடு வந்தாள். கதிர்வேல் ஒரே ஒரு தடவைதான் நிமிர்ந்து பார்த்தான். கட்டினால் இவளைத்தான் என்று அந்த நிமிடமே முடிவு செய்தான்.

“வயர நான் வேணும்னாப் பாக்கவாங்க?” என்றாள் மகாதேவி.

“வேணாங்க. இது உங்களுக்குப் புரியாத சோலி.”

“தெரியலன்னா விட்டுருங்க. நாங்க ஒண்ணும் தப்பா நெனைக்க மாட்டோம்.”

“தெரியாம என்னங்க? டிஸ்க்கு இந்தக் குளிருக்கு வெறச்சுப் போயிருக்கு.”

சொன்ன பிறகு வேறு வழியில்லை. டிஸ்க்கை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனான். அப்பளம் சுடுகிற மாதிரி இரண்டு பக்கமும் காட்டினான். மேலே ஒட்டியிருந்த தாள் சுருண்டு விழுந்தது. ஜோதிமணி அதை எடுத்து மடித்துப் பத்திரமாக மகனிடம் கொடுத்தாள்.

மூன்றாம் முறை மாட்டிப் பட்டனை அமுக்கியதும் ‘டப்’ என்றது. வீட்டில் விளக்கு அணைந்தது. பிறகு தெருவில் அணைந்தது. வெளியே மஞ்சு மூடியிருந்ததால் பகலிலேயே ஆளுக்கு ஆள் முகம் தெரியவில்லை.

“புது டிஸ்க்கு பாருங்க,” என்றான் கதிர்வேல் இருட்டுக்குள்ளிருந்து. “கரண்ட்ட நல்லா இழுக்குது.”

“நல்லாத்தான் இழுக்குது,” என்றார் நல்லுசாமி.

“கையில நாலு ஸ்க்ரூ மிச்சமிருக்குங்க.”

“அதையும் மாட்டிருக்கலாமே, மாப்பிள்ளை.”

“இல்லீங்க மாமா, இது எக்ஸ்ட்ரா.”

மகாதேவி சம்மதம் என்று சொன்னால் போதும், இனி ஆயுளுக்கும் பொய்யே சொல்வதில்லை என்று கதிர்வேல் பழனி முருகனுக்கு நேர்ந்துகொண்டான்.

பக்கத்து வீட்டுப் புவனா, இருட்டில் உட்கார்ந்திருந்தவர்களைக் கவனிக்காமல் வாசலில் தலையை நீட்டினாள்.

“ஏ மகா, உன் மாப்பிள்ளையச் சோதிச்சு முடிச்சாச்சுன்னா அந்தச் செத்துப்போன டிஸ்க்கக் குடு! நாளைக்கு வெள்ளனே எங்க சுபஸ்ரீயப் பாக்க வர்றவனும் கம்ப்யூட்டராம்.”