ஏட்டின்படி அம்மா இல்லை

நான் என் அம்மாவை ஒரு முறை சாகடித்திருக்கிறேன். தந்தியில்.

அம்மா இப்போது பக்கத்து அறையில் கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறாள். பெயர் பவுனம்மாள். நான் ஏழுமலை. எட்டாவது வரை படித்தவன். ஊரப்பாக்கத்தில் வீடு. நாவலூர் பக்கம் கட்டுகிற அடுக்குமாடிகளில் டைல்ஸ் போடுகிறேன். எழுதிப் பழக்கமில்லை.

அண்ணன் தணிகாசலம் ராணுவத்தில் லாரி ஓட்டினான். என்னைவிட மூன்று வயது மூத்தவன். அப்பா நாங்கள் சின்னவர்களாக இருந்தபோதே போய்விட்டார். அண்ணன் அனுப்பியதில்தான் வீடு நடந்தது. தனக்குக் கல்யாணம் வேண்டாம் என்று அவன் சொல்லிவிட்டான். (ஏன் என்று கேட்டால், "நான் மலை மேல கீறேன், அவ இங்க யார்கூட சண்டை போடுவா" என்பான்.) அதனால் எனக்குப் பெண் பார்த்தார்கள். பெருங்களத்தூர்ப் பெண். கஸ்தூரி.

மூத்தவன் இருக்க இளையவனுக்குக் கல்யாணம் என்றால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். அண்ணன் மணவறை பக்கத்தில் நின்றே ஆகவேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டாள். அண்ணன் லீவு கேட்டான். ஆள் பற்றாக்குறை, கிடையாது என்றார்கள்.

ராணுவத்துக்குப் பிள்ளையை அனுப்பிய வீடுகளில் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. லீவு கிடைக்காவிட்டால் வீட்டிலிருந்து 'அம்மா சீரியஸ்' என்று தந்தி போகும். பொய் என்று அங்கே இருப்பவர்களுக்கும் தெரியும். அவர்கள் வீட்டிலிருந்தும் அப்படித்தான் வரும். எங்கள் அம்மா அதற்கு முன்னால் இரண்டு முறை சீரியஸ் ஆகியிருந்தாள். ஒரு முறை பொங்கலுக்கு. ஒரு முறை வீட்டுக்குத் தளம் போட.

என் கூட்டாளி செல்வம்தான் யோசனை சொன்னான்.

"மூணாவது வாட்டியும் சீரியஸ்னு குடுத்தா எவன் மச்சான் நம்புவான்? இன்னாடா உங்கம்மா வருஷா வருஷம் சீரியஸ் ஆவுது, அப்பால எழுந்து குந்திக்குதுன்னு கேப்பான்."

"அப்ப இன்னா பண்றது?"

"முடிச்சிடு."

தாம்பரத்தில் தந்தி ஆபீசுக்குப் போனேன். கவுண்டரில் இருந்தவர் வயசானவர். படிவத்தை வாங்கிப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"அம்மாவாப்பா?"

"ஆமா சார்."

"என்ன வயசு?"

"அம்பத்திரண்டு."

"போற வயசா இது" என்றார். எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். நான் அழுதுவிட்டேன். (நடிக்கவில்லை. யாராவது அன்பாகக் கேட்டால் எனக்கு வந்துவிடும்.) வரிசையில் பின்னால் நின்ற இரண்டு பேர் என் தோளைத் தட்டினார்கள். அம்மா அப்போது வீட்டில் கல்யாணப் பத்திரிகைக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்தாள்.

பொய் என்று அண்ணனுக்கு போனில் சொல்லிவிடுவது செல்வத்தின் பொறுப்பு. பூத்தில் இருந்து நாலு தடவை போட்டானாம். லைன் கிடைக்கவில்லை. "போன ரெண்டு வாட்டியும் டூப்புன்னு அவனுக்குத் தெரிஞ்சுதே. இதுவும் தெரிஞ்சுடும்" என்றான். நானும் நம்பினேன்.

எனக்குத் தெரியாத ஒன்று உண்டு. சீரியஸ் வரைக்கும்தான் பொய் சொல்வார்கள். அதைத் தாண்டிப் பெற்றவளை வைத்து யாரும் பொய் சொல்வதில்லை. ராணுவத்தில் எல்லாருக்கும் அது தெரியும். ஆகவே அண்ணன் நம்பிவிட்டான்.

கல்யாணத்துக்கு முதல் நாள் காலை வந்தான். தெருமுனையிலேயே எங்கள் வீட்டுப் பந்தல் தெரியும். அதைச் சாவுப் பந்தல் என்று நினைத்துக்கொண்டு நடந்து வந்திருக்கிறான். நான் ஸ்டூல் மேல் ஏறி டியூப்லைட் கட்டிக்கொண்டிருந்தேன். அம்மா பந்தலில் உட்கார்ந்து சமையலுக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கறுப்பு டிரங்குப் பெட்டியோடு ஒருவன் வந்து நின்றான். தலை மொட்டை. மீசையும் இல்லை. எனக்கே ஒரு நொடி அடையாளம் தெரியவில்லை.

மகன் அப்படி வந்து நின்றால் எந்த அம்மாவும் ஒரே கேள்விதான் கேட்பாள்.

"யார்ரா செத்தது?"

அண்ணன் பெட்டியைக் கீழே வைத்தான்.

"டேய், இன்னாடா இது கோலம்? யாரு செத்தது, சொல்லு."

"நீதாம்மா" என்றான்.

பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டான். வெங்காயத் தோலுக்கு நடுவில். அம்மாவின் கணுக்காலைப் பிடித்துக்கொண்டான். விடவில்லை. அம்மா அவன் தலையைத் தடவினாள். அப்படியே மெதுவாக நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். ஸ்டூலில் இருந்து குதித்து ஓடியிருக்கலாம். கையில் டியூப்லைட் இருந்தது. தென்னந்துடைப்பம் அவளுக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. மறுநாள் மாப்பிள்ளையாக மணவறையில் உட்கார்ந்தபோது முட்டிக்குக் கீழே முழுக்கக் கோடு கோடாக இருந்தது. வேட்டியால் மூடினேன். (கஸ்தூரி பிறகு பார்த்துவிட்டு, ஏதோ தோல் வியாதி, மறைத்துக் கட்டிவிட்டார்கள் என்று ஒரு வாரம் தள்ளியே இருந்தாள்.)

கல்யாணத்துக்கு வந்தவர்களிடம் அண்ணன், திருப்பதி வேண்டுதல் என்று சொன்னான். எல்லா போட்டோவிலும் மொட்டைத் தலையோடு அம்மா பக்கத்தில் நிற்கிறான். சிரிக்கிறான். பந்தியில் நான்தான் அவனுக்குப் பரிமாறினேன்.

"ஏழுமல."

"இன்னாண்ணா."

"மூணு நாளு ட்ரெயின்ல நான் ஒண்ணும் துன்னலடா."

இலையில் இன்னொரு ஜாங்கிரி வைத்தேன். அதற்கு மேல் அதைப் பற்றி நாங்கள் பேசியதில்லை. அவனும் சொல்லவில்லை. நான் கேட்டிருக்க வேண்டும்.

லீவு முடிந்து போனான். அங்கே ஆபீஸ் கிளார்க் ஒழுங்கான மனிதர். அண்ணன் ஏட்டில் தாய் என்ற இடத்தில் 'இறந்துவிட்டார்' என்று ஏற்கெனவே எழுதிவிட்டிருந்தார். உண்மையைச் சொன்னால் பொய்த் தந்தி கொடுத்தவன் யார் என்று விசாரணை வரும். புதுமாப்பிள்ளை நான். அண்ணன் வாயை மூடிக்கொண்டான். "பதினஞ்சு வருஷம் முடிச்சு பென்ஷன்ல வரும்போது அம்மாவை எழுப்பிக்கலாம்" என்று போனில் சொன்னான். அப்போது அவனுக்கு நாலு வருஷம் முடிந்திருந்தது.

ஒவ்வொரு வருஷமும் தந்தி போன தேதிக்கு போன் போடுவான். "இன்னிக்கி உனக்கு நெனவு நாளும்மா. இன்னா சமையல்?" என்பான். "எனக்குப் புடிச்சதுதான்டா. கருவாடு" என்பாள் அம்மா. தெருவுக்கே கேட்கும்படி சிரிப்பாள்.

ராணுவத்தில் சேர்ந்த பத்தாவது வருஷம் அவன் லாரி மலைப்பாதையில் சரிந்தது. பனிக்காலம். டியூட்டியில் இருந்தான்.

தகவல் என் பெயருக்கு வந்தது. ஏட்டில் அம்மா இல்லையே. கொடி போர்த்திய சவப்பெட்டியோடு ஒரு ஹவில்தார் வந்தார். வேலூர்ப் பக்கத்துக்காரர். பெட்டி மேல் விழுந்து கிடந்த அம்மாவைக் காட்டி, "இவங்க யாரு?" என்று கேட்டார். எனக்குத் தந்தி ஞாபகம் வந்துவிட்டது. அண்ணனுக்கு வருகிற மரியாதையை நிறுத்திவிடுவார்களோ, கொடியை எடுத்துவிடுவார்களோ என்று பயம். "பெரியம்மா" என்று சொல்லிவிட்டேன். அவர் எழுதிக்கொண்டார்.

அண்ணன் போன பிறகு அம்மாவுக்குச் சர்க்கரை ஏறியது. கண் மங்கியது. எனக்கு முட்டி வலி வந்து மாதத்தில் பாதி நாள்தான் வேலை. பென்ஷன் வரும், போய்க் கேள் என்று எல்லாரும் சொன்னார்கள். தாம்பரம் பக்கத்தில் படைவீரர் குடும்பங்களுக்கு என்று இருந்த ஒரு ஆபீசுக்கு அம்மாவைக் கூட்டிப்போனேன். மேசையில் ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர். நிமிர்ந்து உட்காருகிறவர். பொறுமையாகச் சொன்னார்.

"உயிரோட வெளிய வர்றவனுக்குத்தான் தம்பி பதினஞ்சு வருஷக் கணக்கு. டியூட்டில இறந்துட்டா வருஷம் பார்க்க மாட்டாங்க. குடும்பத்துக்கு உண்டு. மனைவி, பிள்ளைங்க. அவங்க இல்லன்னா அப்பா, அம்மா. கூடப் பொறந்தவங்களுக்குக் கிடையாது."

"அம்மாவுக்குத்தான் சார்."

அவர் ஃபைலைப் புரட்டினார். "அம்மா இறந்துட்டாங்களே."

"இதோ உக்காந்துகினு கீறாங்க சார்."

சுபேதார் அம்மாவைப் பார்த்தார். திரும்பவும் ஃபைலைப் பார்த்தார். "பெட்டி கொண்டுவந்தவர் ரிப்போர்ட்ல, வீட்டுல தம்பியும் பெரியம்மாவும்னு இருக்கு. இவங்கதானே அந்தப் பெரியம்மா?"

அம்மாவுக்கு அது தெரியாது. என் பக்கம் திரும்பினாள்.

"பெரியம்மாவா?"

நான் தரையைப் பார்த்தேன். மொசைக் தரை. ஒரு மூலை உடைந்திருந்தது. அங்கே அவள் கைக்கெட்டும் தூரத்தில் துடைப்பம் எதுவும் இல்லை. இருந்திருந்தாலும் எடுத்திருக்க மாட்டாள்.

தந்தி கதையைச் சொன்னேன். சுபேதார் சிரிக்கவில்லை. "இந்த மாதிரி பார்த்திருக்கோம். சீக்கிரம் முடியணும்னா ஒரு வழி இருக்கு. லீவுக்காக உங்க அண்ணன் பொய்த் தகவல் குடுத்தார்னு எழுதிக் குடுங்க. இறந்தவரை இனிமே யார் என்ன பண்ணப் போறாங்க? ஏட்டைத் திருத்திடுவாங்க."

அம்மா எழுந்துவிட்டாள்.

"வாடா, வூட்டுக்குப் போலாம்."

"உக்காரும்மா" என்றேன்.

"எனக்கு ஒண்ணும் வாணாம். நான் செத்தவளாவே இருந்துட்டுப் போறேன். என் புள்ள பொய்யன்னு எழுதிக் குடுத்து அதுல வர சோத்த நான் துன்ன மாட்டேன்."

"அம்மா, ஊசிக்கு இன்னா பண்ணுவே?"

"ஊசி இல்லன்னா ஏட்டுல கீற மாதிரி ஆயிடுவேன். அவ்ளோதானே."

சுபேதார் பேனாவை மூடினார். "உங்க பிள்ளைக்குத் தெரியாதுன்னு சொல்றீங்க. நான் மேல எழுதணும்னா ஏதாவது வேணும்மா. வீட்டுக்கு வந்து பார்த்தப்புறம் அவரும் சொல்லலியே."

அம்மா மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "சார். என் புள்ள மொட்ட அடிச்சினு வந்தான். மீசையும் எடுத்துட்டான். அம்மா உசுரோட கீறான்னு தெரிஞ்சா எந்தப் புள்ளையாவது அப்படிப் பண்ணுவானா? நீங்க பண்ணுவீங்களா?"

அவர் மூடிய பேனாவைத் திரும்பத் திறந்தார். பிறகு, "போட்டோ இருக்கா?" என்று கேட்டார்.

கல்யாண ஆல்பத்தை மறுநாள் கொண்டுபோனேன். ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். உயிரோடு அம்மா. பக்கத்தில் அவளுக்காக மொட்டை அடித்தவன். முன்னால் முழிக்கிற மாப்பிள்ளை நான். ஒரு வெள்ளைக் காகிதத்தை என் முன்னால் தள்ளினார். "உன் கையாலயே எழுது" என்றார். எழுதினேன். அரைநாள் ஆனது. தந்தி கொடுத்தது நான். அண்ணனுக்குத் தெரியாது. தெரிந்த பிறகு என்னைக் காப்பாற்றுவதற்காகச் சொல்லவில்லை. பெரியம்மா என்று சொன்னதும் நான்தான். என்ன தண்டனை கொடுத்தாலும் சரி. கையெழுத்து.

தண்டனை கொடுக்கவில்லை. அலையத்தான் விட்டார்கள். அம்மா உயிரோடு இருக்கிறாள் என்று கிராம நிர்வாக அலுவலரிடம் சான்று கேட்டேன். "செத்ததுக்குக் கேட்டு வருவாங்க. சாகலன்னு கேட்டு நீதான்யா மொதல்ல வந்திருக்கே" என்றார். ரேஷன் கார்டு, ஓட்டு அட்டை, கண் ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாம் காட்டினோம். ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. அம்மாவை எழுப்பினார்கள். பென்ஷன் வந்தது. வந்த உத்தரவில் அண்ணன் பொய் சொன்னதாக எந்த வரியும் இல்லை. அதை மட்டும் அம்மா என்னை மூன்று தடவை படித்துக் காட்டச் சொன்னாள்.

ஆனால் பென்ஷன் வாங்குகிறவர்கள் வருஷத்துக்கு ஒரு முறை, நவம்பரில், உயிரோடு இருப்பதாக பேங்கில் நிரூபிக்க வேண்டும். கூட்டிப்போவது நான்தான். வீட்டில் இது ஒரு வேடிக்கையாகிவிட்டது. பாட்டி இருக்கிறார்களா என்று யாராவது போன் செய்தால் என் மகள், "இருங்க, பேங்க்ல கேட்டுச் சொல்றேன்" என்பாள். கஸ்தூரி சிரிப்பாள். அம்மாவும் சிரிப்பாள்.

போன நவம்பரில் மிஷின் அம்மாவின் விரலை எடுக்கவில்லை. பாத்திரம் தேய்த்த கை. ரேகை அழிந்துவிட்டது. பேங்க் பெண் துணியால் துடைத்துத் துடைத்து வைத்துப் பார்த்தாள். சிவப்பு விளக்குதான் வந்தது.

"பாட்டி, உங்களை இல்லைன்னு சொல்லுது" என்றாள்.

"அதுக்கும் இவன் சொல்லிக் குடுத்திருப்பான்" என்று அம்மா என்னைக் காட்டினாள். வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அம்மா அடுத்த விரலை நீட்டினாள்.

"எம் புள்ள செத்தத ஒரே ஒரு வாட்டிதாம்மா கேட்டாங்க. நான் கீறத மட்டும் வருஷா வருஷம் கேக்குறாங்க."

அந்தப் பெண் அம்மாவின் விரலைப் பிடித்து மெதுவாக அழுத்தினாள். பச்சை வந்தது.