நாலு தேசிக்காயும் ஆறு வினாடியும்

ஐம்பத்தாறாவது வயதில் நகுலேஸ்வரன் ஒரு சபதம் எடுத்தார். இந்த முறை வாங்கும் கார் வேகமாக ஓட வேண்டும்.

நியாயமான ஆசைதான். புவாண்ட்-கிளேரில் ஒரு களஞ்சியத்தில் இருபத்திரண்டு வருடமாக அவர் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். அந்த வண்டி மணிக்கு எட்டுக் கிலோமீற்றருக்கு மேல் போகாது. போகாதபடி பூட்டி வைத்திருக்கிறார்கள். பின்னால் நடந்து வருகிற மேற்பார்வையாளர் கோப்பி குடித்துக்கொண்டே அவரை முந்திப் போவார். வேலை முடிந்து வெளியே வந்தால் பதினாறு வயது வான் ஒன்று காத்திருக்கும். அதை யாரும் பூட்டி வைக்கவில்லை. அது தானாகவே போகாது. நாற்பதாம் நெடுஞ்சாலையில் பள்ளிக்கூட பஸ்கூட அவரைத் தாண்டியது. தாண்டும்போது பின் கண்ணாடி வழியே பிள்ளைகள் கை காட்டின. அவரும் காட்டினார். ஒரு மனிதன் எத்தனை வருடத்துக்குத்தான் கை காட்டிக்கொண்டிருப்பது?

ஆகவே எழுதுவதற்கு ஒரு கொப்பி வாங்கி ஆராய்ச்சியில் இறங்கினார். மூன்று தலைப்பு. வேகம். உறுதி. பனி. இரண்டு மாதத்தில் கொப்பி நிரம்பியது. கடைசிப் பக்கத்தில் ஒரு கறுப்புக் காரின் பெயரை எழுதி, பக்கத்தில் '6' என்று போட்டு மூன்று தரம் வட்டமிட்டிருந்தார்.

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த குணேஸ்வரி கொப்பியை எட்டிப் பார்த்தாள்.

"என்னப்பா இது, வேகம், உறுதி, பனி எண்டு கிடக்கு. குடும்பம் எங்கை?"

"குடும்பம் காருக்குள்ளை இருக்கும். அதைக் கொப்பியிலை ஏன் எழுதுவான்?"

"இந்த ஆறு என்ன?"

"ஆறு வினாடி. நிண்ட இடத்திலை இருந்து ஆறே வினாடியிலை நூறு கிலோமீற்றர் வேகத்துக்குப் போயிடும்."

"போய்?"

"போய் எண்டால்?"

"எங்கட இல்-பிசார்த் தீவிலை உந்த வேகத்திலை நேரா விட்டால் ஆத்துக்குள்ளை எல்லோ போய் நிக்கும்."

"உமக்கு விளங்காது, குணம். இது நாலு சில்லும் இழுக்கிற கார். பனிக்கெண்டே செய்தது."

"ஓம்," என்றாள் குணேஸ்வரி.

அவ்வளவுதான். சண்டை இல்லை, கண்ணீர் இல்லை. முப்பது வருடத் தாம்பத்தியத்தில் அவள் இவ்வளவு சுருக்கமாக ஒத்துக்கொண்டது இதுவே முதல் தடவை. அனுபவசாலியாக இருந்திருந்தால் நகுலேஸ்வரன் அப்போதே பயந்திருப்பார். அவரோ ஆராய்ச்சியாளராக இருந்தார்.

அந்த 'ஓம்' எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். போன மாரியில் ஒரு நாள், தீவுக்குள் வருகிற பாலத்துப் பனியில் வான் வழுக்கிவிட்டது. முழுதாக ஒரு சுற்றுச் சுற்றி, வந்த திசையைப் பார்த்தபடி நின்றது. எதிரே வாகனம் ஏதும் வரவில்லை. வரவில்லை என்பதால்தான் இந்தக் கதை நகைச்சுவைக் கதையாக இருக்கிறது. நகுலேஸ்வரன் அந்தச் சம்பவத்தைத் தன் திறமைக்குச் சான்றாக எல்லாருக்கும் சொல்லி வந்தார். "ஸ்ரியறிங்கை விட்டுப் போட்டுப் பொறுமையா இருந்தன். வேறை ஆள் எண்டால் ஆத்துக்குள்ளைதான்." அன்று பக்கத்தில் இருந்த குணேஸ்வரி மூன்று நாள் பேசவில்லை. அதற்குப் பிறகு வானில் ஏறினால், கதவுக்கு மேலே இருக்கிற கைபிடியை வலது கையால் பிடித்துக்கொள்வாள். கோடையிலும் பிடித்தாள். கைக்கு ஏதோ பயிற்சி என்று நகுலேஸ்வரன் நினைத்திருந்தார்.

அடுத்த வீட்டு ஜெயசங்கர் சென்னைக்காரர், ஓய்வு பெற்ற எஞ்சினியர். வாசல் பனியைத் தள்ளிக்கொண்டே ஒரு நாள் சொன்னார்:

"நகுல், நாலு வீலும் இழுக்கறது கிளம்பறதுக்குத்தான் உதவும். நிக்கறதுக்கு உதவாது. பனியில ஓடறது பெரிய விஷயமே இல்ல. நிக்கணும்."

"நிக்கிறதுக்கு எங்கட வான் காணும், சேர். அது எங்கையும் நிக்கும்."

ஜெயசங்கர் சிரித்தார். படியில் உப்புத் தூவிக்கொண்டிருந்த குணேஸ்வரி சிரிக்கவில்லை. தூவுவதை நிறுத்திக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அந்தக் கறுப்புக் காரை விற்பனைக்கு வைத்திருந்தவர் மரியதாசன். யாழ்ப்பாணத்து நெல்லியடிக்காரர், கிறிஸ்தவ வேதக்காரர். பழைய கார்களை வாங்கித் திருத்தி விற்கிறார். இருவரும் பார்க்கப் போனபோது அவருடைய முற்றத்தில் கறுப்புக் கார் சிறுத்தை மாதிரிப் பதுங்கி நின்றது. பக்கத்தில் சாம்பல் நிறத்தில் ஒன்று, உயரமாக, அகலமாக, கலியாண வீட்டில் பெரியம்மா உட்கார்ந்திருப்பதுபோல் நின்றது.

"அக்கா, இதுவும் நல்ல கார். பிறேக் பிடிச்சால் பிடிச்சதுதான். ஒம்பது வருசமா ஒரு பிரச்சினையும் குடுக்கேல்லை," என்றார் மரியதாசன்.

"நூறுக்கு எத்தினை வினாடி?" என்று கேட்டார் நகுலேஸ்வரன்.

"பத்து வரும், அண்ணை."

"பத்து வினாடியிலை நான் நடந்து போயிடுவன்."

குணேஸ்வரி சாம்பல் காருக்குள் ஒரு தரம் ஏறி இருந்தாள். கதவைச் சாத்தினாள். திறந்தாள். இறங்கினாள். சனிக்கிழமை வந்து கறுப்புக் காருக்குக் கையெழுத்து வைப்பதென்று முடிவாயிற்று.

வீட்டுக்குத் திரும்பும் வழியில், கைபிடியைப் பிடித்தபடி, அவள் மெதுவாக ஆரம்பித்தாள்.

"சில்லுக்குத் தேசிக்காய் வைக்கோணும்."

"காரை எடுத்தாப்பிறகு வையும். எனக்கு உதுகளிலை நம்பிக்கை இல்லை. உமக்காகச் சம்மதிக்கிறன்."

"கையெழுத்து வைக்கமுதல் வைப்பம்."

"ஆர் அப்பிடி வைக்கிறவை?"

"பேந்து வைச்சு என்ன பிரயோசனம்? சாதகம் பாக்கிறது தாலி கட்டமுதலோ, கட்டினாப்பிறகோ?"

நகுலேஸ்வரன் யோசித்தார். சம்மதித்தார். யாழ்ப்பாணத்தார் தேசிக்காய் என்பார்கள், ஜெயசங்கர் எலுமிச்சம்பழம் என்பார். எந்தப் பெயரைச் சொன்னாலும் நசுங்குகிற சாமான். வேகமான காருக்கு அது ஒரு வேலையா?

செவ்வாய்க்கிழமை குணேஸ்வரி கடையில் ஒரு டசின் தேசிக்காய் வாங்கினாள். வியாழக்கிழமை காலை நகுலேஸ்வரன் வேலைக்குப் போக வானைப் பின்னால் எடுத்தபோது சில்லுக்கடியில் 'டக்' என்று ஏதோ தட்டியது. பனிக்கட்டி என்று நினைத்துக்கொண்டு போய்விட்டார்.

சனிக்கிழமை பத்தரைக்கு நல்ல நேரம். வெளியே சைபருக்குக் கீழே இருபத்திரண்டு பாகை. மரியதாசனின் முற்றம் முழுக்க ஐஸ் கண்ணாடி மாதிரிக் கிடந்தது. குணேஸ்வரி பெரிய பையொன்றோடு இறங்கினாள். அதில் ஒரு பக்கம் துவாயால் சுற்றிய தேத்தண்ணிப் போத்தல். மற்றப் பக்கம் பழைய ஐஸ்கிரீம் டப்பா. கற்பூரம் கொளுத்தினாள், காற்று அணைத்தது. மறுபடி கொளுத்தினாள். கையுறையைக் கழற்றாமலே டப்பாவிலிருந்து நாலு தேசிக்காயை எடுத்து நாலு சில்லுக்கும் முன்னால் வைத்தாள்.

"நான் வேதக்காரன்தான்," என்றார் மரியதாசன், "எண்டாலும் தேசிக்காய் வைக்காமல் ஒரு கார் இந்த முத்தத்தை விட்டு வெளிக்கிட்டதில்லை. விடுங்கோ அண்ணை."

நகுலேஸ்வரன் ஏறினார். எஞ்சின் உறுமியது. இருபத்திரண்டு வருடத்து எட்டுக் கிலோமீற்றரும் அந்த உறுமலில் கரைந்துபோவதுபோல் இருந்தது. மெதுவாகக் காலை வைத்தார்.

டக். டக். டடக்.

இறங்கிப் பார்த்தார். ஒரு தேசிக்காய் பறந்து போய் மரியதாசனின் சப்பாத்தில் மோதி நின்றது. ஒன்று பனிக் குவியலுக்குள் துளை போட்டிருந்தது. மற்ற இரண்டும் பக்கவாட்டில் உருண்டு போய்ச் சேர்ந்தாற்போல் கிடந்தன. நாலும் முழுசு. தோலில் ஒரு கீறல் இல்லை.

மரியதாசன் நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டார்.

"இருவது வருசத்திலை நான் இப்பிடிக் காணேல்லை, அண்ணை."

"இன்னொருக்கா வைப்பமே?" என்றார் நகுலேஸ்வரன். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"ரெண்டாந்தரம் வைக்கிறேல்லை," என்றாள் குணேஸ்வரி. "ஒரு மாப்பிளைக்கு ரெண்டு சாதகம் இருக்கே? ஆனால் அதுக்கென்னப்பா, நீங்கள்தானே உதுகளை நம்பாத ஆள். கையெழுத்தை வையுங்கோ."

பேனை உள்ளே மேசையில் கிடந்தது. நகுலேஸ்வரன் அதை எடுக்கப் போகவில்லை. மூளை சொன்னது: குளிர், தேசிக்காய் இறுகிவிட்டது, அவ்வளவுதான். மனம் சொன்னது: நாலுமா?

"இன்னும் நாலு கிடக்கு," என்றாள் குணேஸ்வரி, தேத்தண்ணிப் போத்தலின் துவாயை அவிழ்த்தபடி. "வீணாப் போகப்போகுது. சும்மா அந்தச் சாம்பல் காருக்கு வைச்சுப் பாப்பமே?"

ஆராய்ச்சியாளருக்கு அது நல்ல யோசனையாகவே பட்டது. அதே முற்றம், அதே குளிர், அதே பையில் வந்த தேசிக்காய். குளிர்தான் காரணம் என்றால் இதுவும் நசியக் கூடாது. அவரே ஏறினார். அவரே காலை வைத்தார்.

சளக். சளக். சளக். சளக்.

நாலும் தோசைபோல் படிந்து கிடந்தன. ஐஸில் சாறு பரவிற்று. அந்தக் குளிரிலும் வாசம் வந்தது.

அவராகவே உள்ளே போனார். அவராகவே பேனையை எடுத்தார்.

வானை மரியதாசனிடம் விட்டுத் திரும்பும்போது பனி கொட்டத் தொடங்கிவிட்டது. சாம்பல் கார் அவசரப்படாமல் போயிற்று. சிவப்பு விளக்கில் பிறேக்கைத் தொட்டார். நின்றது. வழுக்கவில்லை, யோசிக்கவில்லை, நின்றது. பாலம் நெருங்கியபோது ஏதோ குறைவதுபோல் இருந்தது. பக்கத்தில் பார்த்தார். குணேஸ்வரி தூங்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய வலது கை மடியில் கிடந்தது. தலைக்கு மேலே கைபிடி தனியாக இருந்தது.

ஒரு வருடமாக அவள் செய்தது கைக்குப் பயிற்சி இல்லை என்று அவருக்கு அப்போதுதான் விளங்கியது. பாலத்தில் அவர் தன் திறமையை நினைத்துக்கொண்டிருந்த அந்த ஒரு சுற்றில், அவள் தங்கள் பிள்ளைகளின் முகங்களை நினைத்திருப்பாள். அவர் அவளை ஒரு தரமும் கேட்கவில்லை. பின்னால் வந்த ஒருவன் ஹோர்ன் அடித்து முந்திப் போனான். நகுலேஸ்வரன் கை காட்டினார். நாற்பது கிலோமீற்றரில் போனவர் முப்பதுக்கு இறக்கினார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஜெயசங்கரிடம் தேசிக்காய்க் கதையை விபரமாகச் சொல்லிவிட்டு உள்ளே வந்தார். குணேஸ்வரி அடுப்படியில் இருந்து குரல் கொடுத்தாள்.

"ஃப்ரீசருக்குள்ளை விளைமீன் கிடக்கு. எடுத்துத் தாங்கோ."

மீனைத் தூக்கினார். அதன் கீழே ஒரு பொலித்தீன் பை. உள்ளே இரண்டு தேசிக்காய். மேசையில் தட்டிப் பார்த்தார். டக். எங்கேயோ கேட்ட சத்தம்.

அவர் மெதுவாகக் கணக்குப் போட்டார். ஒரு டசினில் ஐஸ்கிரீம் டப்பாவில் நாலு, தேத்தண்ணிப் போத்தலின் சூட்டில் நாலு, இங்கே இரண்டு.

"குணம்... உது நசிஞ்சிருந்தால் என்ன செய்திருப்பீர்?"

"நசியாதப்பா. வியாழக்கிழமை ரெண்டை எங்கட வானுக்கு வைச்சுப் பாத்தனான். நீங்கள்தான் ஏத்தினனியள்."

"அப்ப இது ஏமாத்து வேலை! தேசிக்காய்ச் சாத்திரம் எண்டால் அதிலை ஒரு நேர்மை இருக்கோணும்!"

குணேஸ்வரி கறிச்சட்டியில் இருந்து தலையைத் தூக்கினாள்.

"ஏனப்பா, உங்களுக்கு உதுகளிலை நம்பிக்கையே?"

நகுலேஸ்வரன் வாயைத் திறந்தார். கையில் விளைமீனும் வாயைத் திறந்தபடிதான் இருந்தது.