சுபிர்-தாவின் சட்டைப்பை

ஒரு கருவி ஓடவில்லை என்றால் சிலர் கருவியைப் பார்ப்பார்கள். சிலர் பக்கத்தில் நிற்பவனைப் பார்ப்பார்கள். நான் பிறவியிலேயே இரண்டாம் ரகம். (பால் திரிந்தால் பாத்திரம் கழுவியிருந்ததா என்று பார்க்கமாட்டேன். பால்காரன் முகத்தைத்தான் பார்ப்பேன்.)

இரண்டாயிரத்துக்குக் கொஞ்சம் பிந்திய வருடம். கல்கத்தாவில் எங்கள் ஆபீஸுக்கு இரண்டு லேப்டாப் வந்து இறங்கின. இரண்டின் முன்விளிம்பிலும் நகத்தளவு கருஞ்சிவப்பு ஜன்னல். அதிலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஒளி புறப்பட்டு எதிர் மெஷினின் ஜன்னலுக்குள் போகும். வயரே இல்லாத இணைப்பு; ஃபைல் இங்கிருந்து அங்கே தாவிவிடும். ஏதோ நானே கண்டுபிடித்ததுபோல் மேனேஜரிடம் அளந்துவைத்திருந்தேன்.

"துர்கா பூஜா லீவு முடிஞ்சதும் செஞ்சு காட்டு, மூர்த்தி" என்றார் அவர். "நடந்தா புது கம்ப்யூட்டர் செக்‌ஷன் உனக்கு. இல்லேன்னா சுபிருக்கு. சாந்த்ராகாச்சி கோடவுனுக்கும் ஒரு ஆள் தேவைப்படுது."

சுபிர்-தா அடுத்த மேஜை. (வங்காளத்தில் 'தாதா' என்றால் அண்ணன்; பெயரோடு ஒட்டினால் 'தா'.) என்னைவிட சீனியர், சாது. மெஷின்களை நான் வீட்டுக்கு எடுத்துப்போனபோது லிஃப்ட் வரை பையைத் தூக்கிவந்தார். ஒரு மனிதர் காரணமில்லாமல் பை தூக்குவாரா? அன்றே குறித்துக்கொண்டேன்.

லேக் கார்டன்ஸ் வீட்டில், சம்பந்தி வீட்டார் மாதிரி இரண்டையும் எதிரெதிரே உட்காரவைத்துப் பழகினேன். கனகச்சிதமாக வேலை செய்தது. "இவ்வளவு பக்கத்துல வெக்கணும்னா ஒரு வயரே போட்டுடலாமே" என்றாள் என் மனைவி வசந்தா. விஞ்ஞானம் அறியாதவள் என்று மன்னித்தேன்.

நவமியன்று ஊரே பந்தலில் இருக்க, எங்கள் வீட்டில் சரஸ்வதி பூஜை. புத்தகங்களோடு லேப்டாப்களையும் அடுக்கி, என் கையாலேயே சந்தனம் குங்குமம் வைத்தேன். பூஜையில் வைத்ததைத் தொடக்கூடாது, தொடவில்லை. மறுநாள் திறந்து சுபமாக நாலு எழுத்து தட்டிவிட்டு மூடினேன்.

ஆபீஸ் திறந்தது. மேனேஜர் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். சுபிர்-தா பின்னால் நின்றார். பொத்தானை அமுக்கினேன். எதிரே எந்த மெஷினும் இல்லை என்றது மெஷின்.

போர்ட் எண்ணைச் சரிபார்த்தேன். வேகத்தைக் குறைத்தேன். இரண்டையும் அணைத்துப் போட்டேன். ட்யூப்லைட்டை அணைத்து, ஜன்னல் திரையை இழுத்துவிட்டேன். இருட்டில் மூன்று ஆண்கள் இரண்டு லேப்டாப்களை முறைத்துக்கொண்டிருந்தோம்.

வீட்டில் ஓடியது, இங்கே ஓடவில்லை. வீட்டில் இல்லாதது இங்கே என்ன இருக்கிறது? திரும்பினேன். சுபிர்-தாவின் சட்டைப்பை புடைத்திருந்தது.

"தாதா, பையில என்ன?"

"மொபைல். ஏன்?"

"அதான் சிக்னலைக் கெடுக்குது. எடுத்து வெளியே வையுங்க."

மொபைலை வைத்தார். கூடவே மூக்குக்கண்ணாடிக் கூடு, அஜீரண மாத்திரை அட்டை. பலனில்லை.

"நீங்களும் வெளியே நில்லுங்க. எனக்கு இது தற்செயலாத் தெரியல." (மேனேஜர் காதுபடத்தான் சொன்னேன்.)

அவர் போய் வராந்தாவில் நின்றார். அப்போதும் இல்லை. "இன்னும் தள்ளி" என்றேன். லிஃப்ட் வரை போனார்.

"கீழே இறங்கிடட்டுமா?" என்று அங்கிருந்து கேட்டார். கிண்டலில்லை, அக்கறை. அதுதான் என்னை இன்னும் எரிச்சலூட்டியது.

கடைசியில் மேனேஜரே அவரைக் கூப்பிட்டார். சுபிர்-தா வந்து, விளக்கைப் போட்டு, மேஜைக்குச் சமமாகக் குனிந்து இரண்டு மெஷினையும் பார்த்தார். கைக்குட்டையை எடுத்தார். முன்விளிம்பின் நட்டநடுவே, பொட்டுக்கென்றே அளவெடுத்த மாதிரி இருந்த அந்தக் கருஞ்சிவப்பு ஜன்னல்களில் சந்தனம் காய்ந்து அப்பியிருந்தது, மேலே குங்குமத்தோடு. (பொட்டை நாமே அழிப்பது அபசகுனம் என்று ஒரு வாரமாகக் காப்பாற்றிவந்தேன்.)

"விஸ்வகர்மா பூஜைக்கு நாங்களும் மெஷினுக்கு சிந்தூரம் வெப்போம், மூர்த்தி" என்றார், துடைத்துக்கொண்டே. "ஆனா கண்ணுல வெக்கறதில்ல."

இரண்டு மெஷினும் 'கிணிங்' என்றன. ஃபைல் தாவியது.

மேனேஜர் அதைப் பார்க்கவேயில்லை. என்னைத்தான் பார்த்தார். "சாந்த்ராகாச்சிக்கு ஹவுராவுலேர்ந்து நிறைய லோக்கல் ட்ரெயின் இருக்கு" என்றார். "மெஷின் தப்பு பண்ணினா பொறுத்துக்கலாம். செக்‌ஷனை நடத்தறவன் ஆளுங்களை வெளியே நிறுத்தக்கூடாது."

கோடவுனில் மூன்று வருடம் குப்பை கொட்டினேன். சுபிர்-தா செக்‌ஷனை நன்றாகவே நடத்தினார் என்று கேள்வி. (இதிலும் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.)

இப்போது வீட்டில் வைஃபை நின்றால் நான் எழுந்து அந்தப் பெட்டியின் பக்கம் போவேன். நான் வாய் திறக்கும் முன்பே வசந்தா கரண்டியோடு வராந்தாவுக்குப் போய்விடுவாள். தமிழைவிட வங்காளம் நன்றாகப் பேசும் என் பெண் மட்டும் செருப்பை மாட்டிக்கொண்டு சுத்தத் தமிழில் கேட்பாள்:

"லிஃப்ட் வரைக்கும் போனா போதுமாப்பா, இல்ல கீழேயே இறங்கிடட்டுமா?"