காமாலை இல்லை, கேமரா

பெருமதிப்பிற்குரிய விஜயராகவன் அவர்களுக்கு,

தியாகராய நகரிலிருந்து கணேசமூர்த்தி வணக்கத்துடன் எழுதுவது. 'சம்பந்தி' என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். தாங்கள் இன்னும் சம்மதம் சொல்லாததால் பெயரோடு நிறுத்திக்கொண்டேன். இங்கு நானும் என் மனைவி சண்முகவடிவும் சுகம். எங்கள் மகள் லாவண்யா பரிபூரண சுகம். இந்தக் கடைசி வரியை மட்டும் தங்கள் வீட்டம்மாவுக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டவும்.

ஞாயிற்றுக்கிழமை நாக்பூரிலிருந்து வீடியோவில் எங்கள் பெண்ணைப் பார்த்த தங்கள் வீட்டம்மா, "பொண்ணுக்கு உடம்புக்கு முடியலையா? முகமெல்லாம் மஞ்சளா இருக்கே, காமாலையா?" என்று கேட்டார்கள். தாங்கள் "யோசிச்சுச் சொல்றோம்" என்று வைத்துவிட்டீர்கள். நாலு நாளாக என் போனையும் எடுக்கவில்லை. நான் முப்பத்திரண்டு வருஷமாக உஸ்மான் ரோட்டுக்குப் பின்பக்கம் எவர்சில்வர் பாத்திரக் கடை நடத்துகிறேன். 'யோசிச்சிட்டு வர்றோம்' என்று படி இறங்கிய ஒருத்தர் கூடத் திரும்பி வந்ததில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். காமாலை என் மகளுக்கு இல்லை, கேமராவுக்கு!

நடந்ததை ஒளிக்காமல் சொல்கிறேன். முதல் தடவை கைபேசியில் பேசினோமே, அப்போது தங்களுக்கு எங்கள் வீட்டு மின்விசிறியும் என் மூக்கும்தான் தெரிந்ததாகத் தங்கள் மகன் ஸ்ரீஹரி சொன்னார். மாப்பிள்ளை வீட்டாருக்குக் குடும்பமே வரிசையாக உட்கார்ந்து தெரிய வேண்டாமா? வீட்டுக் கம்ப்யூட்டருக்கு ஒரு கேமரா வாங்கிவிடுவது என்று முடிவெடுத்தேன். "நான் ஆன்லைன்ல போட்டுர்றேம்ப்பா" என்றாள் லாவண்யா. கையில் எடுத்துப் பார்க்காமல் ஒரு கரண்டி கூட வாங்காதவன் நான். நேரே கம்ப்யூட்டர் சாமான் விற்கிற ரிச்சி தெருவுக்குப் போனேன். அங்கே ஷஃபியுல்லா என்பவர் கடையில் பத்துப் பதினைந்து கேமராக்களைப் பரப்பி வைத்தார். விலை அதிகமானது வேண்டாம், மலிவானதும் வேண்டாம், நடுத்தரமாகக் கொடுங்கள் என்று சொல்லி, ஒவ்வொன்றாகக் கையில் எடை பார்த்து, விரலால் சுண்டிப் பார்த்தேன். அவர் தலையில் அடித்துக்கொண்டு, "இன்னா அண்ணாச்சி, சுண்டினா சத்தமா வரும்? படம்தான் வரும்" என்றார். வரட்டுமே. பொருள் கெட்டியா தகடா என்று விரலுக்குத் தெரியும். கெட்டியானதாக ஒன்றை எடுத்துவந்தேன்.

எங்கள் வீட்டுக்கு எந்தப் பொருள் வந்தாலும், அது கல்லாப்பெட்டியோ கிரைண்டரோ, சந்தனம் குங்குமம் வைக்காமல் வேலை வாங்க மாட்டோம். கேமராவுக்கும் முறையாகச் செய்தேன். அதற்கு நெற்றி எது என்று ஒரு நிமிஷம் குழம்பியது உண்மைதான். நடுவில் வட்டமாகப் பளபளவென்று ஓர் இடம் இருந்தது, பொட்டுக்கென்றே செய்தது மாதிரி. லட்சணமாக வைத்து, கற்பூரம் காட்டி, மானிட்டர் மேல் உட்காரவைத்தேன். சம்பந்தம் பேசி முடிகிறவரை யாரும் அதைத் தொடக் கூடாது என்றும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். போட்டுப் பார்த்தால், ஐயோ, மஞ்சள் மூட்டம்! நடுவில் செக்கச்செவேல் என்று ஒரு திட்டு. எங்கள் மூன்று பேரில் யார் யார் என்று எனக்கே தெரியவில்லை.

விட்டேனா? மறுநாள் திருப்பிக் கொடுக்கப் போனேன். பொட்டு வைத்த பொருளை அப்படியே திருப்பிக் கொடுப்பது வியாபாரிக்கு அழகில்லை அல்லவா? நன்றாகத் துடைத்துவிட்டே கொடுத்தேன். ஷஃபியுல்லா தன் கம்ப்யூட்டரில் மாட்டினார். கண்ணாடி மாதிரி படம்! "சூப்பரா கீது அண்ணாச்சி, உங்க தொப்பைகூடத் தெளிவா தெரியுது" என்று கடையே சிரித்தது. எனக்கு ரோஷம் வந்து வேறொன்று கேட்டேன். அதையும் வீட்டுக்குக் கொண்டுவந்து பொட்டு வைத்து மாட்டினால் அதே மஞ்சள், அதே சிவப்பு. துடைத்து எடுத்துக்கொண்டு போனால் கடையில் பளிச். மூன்றாவதுக்கும் இதே கதிதான். அதற்குள் ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது. பழகினால் சரியாகிவிடும் என்று அதையே போட்டு, தங்களிடம் பேசிவிட்டோம்.

ஆக, தீர யோசித்து நான் கண்டுபிடித்தது இதுதான். கேமராவில் குற்றமில்லை, எங்கள் வீட்டு வடமேற்கு மூலை அதற்கு ஆகவில்லை. நாளையே கம்ப்யூட்டரைத் தென்கிழக்குக்கு மாற்றுகிறேன். சுவரைக் குடைந்து ஒயர் இழுக்கக் கொத்தனாருக்குச் சொல்லியாகிவிட்டது. தங்கள் பக்கமும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. தங்கள் வீட்டில் மஞ்சள் பல்பு இருந்தால் கழற்றிவிடவும். ஆனால் ஒரு மூலை செய்த குற்றத்துக்காக என் மகளை வேண்டாமென்று சொல்லிவிடாதீர்கள். ஸ்ரீஹரியின் பெயரைச் சொன்னால் அவள் அடுக்களைப் பக்கம் போய்ச் சிரிக்கிறாள். நாலு நாளாக அந்தச் சிரிப்பு இல்லை. அதை என்னால் பார்க்க முடியவில்லை.

தங்கள் குடும்பம் எல்லா நலமும் பெற்று நீடு வாழ வேண்டும் என்று வேண்டி, நல்ல பதிலை எதிர்பார்க்கும்,
கணேசமூர்த்தி

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்கு முன் சண்முகவடிவு வாங்கி வாசித்தாள். பாதியில் நிமிர்ந்து, "ஏங்க, பொட்டை எங்க வச்சிய?" என்று கேட்டாள். சொன்னேன். எழுந்து போய், முந்தானையால் கேமராவை ஒரு துடை துடைத்தாள். படம் வந்தது. பீரோ சாவி கூடத் தெரிகிறது. கொத்தனாரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மேலே எழுதியதில் மூலை, மஞ்சள் பல்பு இரண்டையும் மறந்துவிடவும். கிழித்துப்போட மனமில்லாததால் அப்படியே அனுப்புகிறேன்.

இதை எழுதும்போதே கூரியர்காரர் வந்தார். நாக்பூரிலிருந்து ஒரு டப்பா. உள்ளே கீழாநெல்லிப் பொடி. மேலே தங்கள் வீட்டம்மாவின் கையெழுத்தில், 'மருமகளுக்கு. காலையில் வெறும் வயிற்றில் மோரில் கலந்து' என்று இருந்தது. அந்த முதல் வார்த்தையை நாங்கள் மூவரும் மாறி மாறி வாசித்தோம். நாலு நாளாகத் தாங்கள் யோசித்தது மருந்தைத்தான் என்று இப்போதுதான் புரிந்தது, சம்பந்தி!

லாவண்யா அடுக்களைப் பக்கம் போய்ச் சிரித்துவிட்டு வந்து, "எனக்குக் காமாலை வர வச்சதே நீங்கதானப்பா, நீங்களே குடிங்க" என்று தம்ளரை நீட்டினாள். குடித்துக்கொண்டிருக்கிறேன். பயங்கரக் கசப்பு. டப்பா மட்டும் நல்ல கெட்டி, சுண்டிப் பார்த்தேன்.